நான்கு நிறங்களில் ஒரு நகரம்: 1930களின் அமெரிக்க வீட்டு மதிப்பீட்டுப் படிவத்தை வாசிப்பது எப்படி

1929இல் தொடங்கிய பெருமந்தக் காலத்து அமெரிக்க நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறங்களில் பிரித்துக் காட்டும் அரசு வரைபடங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 2016 முதல் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தார் அவற்றை எண்மமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மூலப் பிரதிகள் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரைபடத்தைத் திறந்ததும் கண் சிவப்பில் போய் நின்றுவிடுகிறது. ஆனால் நிறம் என்பது முடிவு மட்டுமே. அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது, வரைபடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்யப்பட்ட பகுதி விவரப் படிவத்தில்தான் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் படிவத்தை எந்த வரிசையில், எந்த எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும் என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: தாள் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1920களில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்பது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் முடியும் குறுகிய காலக் கடன். வீட்டு விலையில் பாதியையோ சற்று அதிகமாகவோ கொடுப்பார்கள். பலர் வட்டியை மட்டும் கட்டிவந்து, தவணை முடியும்போது முதலைத் திருப்ப வழியில்லாமல் அதே கடனைப் புதுப்பித்துக்கொள்வார்கள். 1929க்குப் பிறகு வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன, வேலையும் போனது, வீடுகள் ஜப்திக்கு வந்தன. 1933இல் நாளொன்றுக்கு ஆயிரம் வீடுகள் என்ற அளவுக்கு அது முற்றியது. அந்த ஆண்டு ஜூன் 13ஆம் தேதி நிறைவேறிய சட்டத்தின்படி வீட்டு உரிமையாளர் கடன் கழகம் உருவாக்கப்பட்டது. ஜப்தியின் விளிம்பில் நின்ற கடன்களை அது கடன் கொடுத்தவர்களிடமிருந்து வாங்கி, 15 ஆண்டுகளில் அசலும் வட்டியுமாகக் கட்டி முடிக்கும் 5 சதவீத வட்டிக் கடன்களாக மாற்றிக் கொடுத்தது. 1936க்குள் சுமார் 10 லட்சம் குடும்பங்களுக்கு 300 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது.

இங்கே ஒரு கால முரணைக் கவனிக்க வேண்டும். நகரங்களை அளந்து வரைபடம் போடும் பணி 1935இல்தான் தொடங்கி 1940 வரை நடந்தது. அதாவது, கழகம் தன் கடன்களில் மிகப் பெரும் பகுதியைக் கொடுத்து முடித்த பிறகே நிறம் தீட்ட உட்கார்ந்தது. கையில் இருக்கும் லட்சக்கணக்கான அடமானங்களில் எவை தேறும், எவை மூழ்கும் என்று கணிக்கவே, கழகத்தின் மேல் அமைப்பான கூட்டாட்சி வீட்டுக் கடன் வங்கி வாரியம் 40,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில் இந்த ஆய்வை நடத்தச் செய்தது. யாருக்குக் கடன் தரலாம் என்று தீர்மானிக்க எழுதிய தாளாக இதை வாசித்தால், தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுவோம்.

இரண்டாம் படி: நான்கு தரங்களின் விளக்கத்தை அவர்கள் சொன்னபடியே படியுங்கள்

பச்சை நிற ‘ஏ’ பகுதி முதல் தரம். இன்னும் முழுமையாகக் கட்டி முடிக்கப்படாத, ஒரே தன்மை கொண்ட, நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் கிராக்கி குறையாத இடம் என்பது அதன் விளக்கம். நீல நிற ‘பி’ பகுதிக்கு அவர்கள் தந்த உவமை நினைவில் நிற்கக்கூடியது: அது 1935ஆம் ஆண்டு மாடல் கார் போன்றதாம், இன்னும் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் புதிய கார் வாங்க வசதியுள்ளவர் இன்று அதை வாங்குவதில்லை. மஞ்சள் நிற ‘சி’ பகுதி ‘உறுதியாக இறங்குமுகத்தில் இருப்பது’. பழமை, மாறிவிட்ட பாணி, காலாவதியாகும் பத்திரக் கட்டுப்பாடுகள் (வீட்டை யாருக்கு விற்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் நிபந்தனைகள்), ‘தாழ்ந்த தர மக்களின் ஊடுருவல்’, போதாத போக்குவரத்து, பராமரிப்புக் குறைவு ஆகியவை அதன் அடையாளங்களாகப் பட்டியலிடப்பட்டன. சிவப்பு நிற ‘டி’ பகுதி ‘அபாயகரமானது’.

சிவப்புக்கான விளக்கத்தின் முதல் வாக்கியத்தை நான் மீண்டும் மீண்டும் வாசித்திருக்கிறேன். ‘சி’ பகுதிகளில் இப்போது நடந்துகொண்டிருப்பவை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்ட இடங்களே ‘டி’ பகுதிகள் என்கிறது அது. ஒரு தெரு பச்சையில் பிறந்து, நீலத்தில் நடந்து, மஞ்சளில் தளர்ந்து, சிவப்பில் சாகிறது என்ற வாழ்க்கை வரலாறு இதற்குள் மறைந்திருக்கிறது. தரம் குறிப்பது இன்றைய நிலையை மட்டுமல்ல. அந்தத் தெருவின் வருங்காலம் பற்றிய ஆரூடத்தையும்தான். தொழிலாளர் குடியிருப்புகளில் பெரும்பாலானவை மஞ்சளிலோ சிவப்பிலோதான் விழுந்தன என்பதால், இந்த இரண்டுக்கும் இடையிலான எல்லை எப்படி வரையப்பட்டது என்பதே நாம் தேட வேண்டிய விஷயம்.

மூன்றாம் படி: பகுதி எண்ணையும் ஆண்டையும் சரிபாருங்கள்

ஒவ்வொரு பகுதிக்கும் தர எழுத்தும் வரிசை எண்ணும் சேர்ந்த ஒரு குறி உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ், 1939ஆம் ஆண்டு ஆய்வில் டி-53. சில நகரங்களை இரண்டு முறை அளந்திருக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் வட்டாரத்தின் லிங்கன் டெரஸ் 1937இல் டி-12, 1940இல் டி-8. ஆகவே வரைபடமும் படிவமும் ஒரே ஆய்வைச் சேர்ந்தவைதானா என்று பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

நான்காம் படி: குடியிருப்போர் பகுதியிலிருந்து தொடங்குங்கள்

படிவம் நிலத்தின் அமைப்பில் தொடங்கிக் கட்டடம், விலை, வாடகை என்று போகிறது. வாசகர் அந்த வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. நேராகக் ‘குடியிருப்போர்’ என்ற பிரிவுக்குச் செல்லுங்கள். கேள்விகளின் வரிசை படிவத்துக்குப் படிவம் சற்று மாறும். எனினும் பெரும்பாலும் இவற்றைக் காணலாம்: தொழில், குடும்பத்தின் உத்தேச ஆண்டு வருமானம், வெளிநாட்டில் பிறந்தோர் எத்தனை சதவீதம், அவர்களில் எந்த நாட்டவர் அதிகம், நீக்ரோக்கள் உண்டா, எத்தனை சதவீதம், யாருடைய ‘ஊடுருவல்’ நடக்கிறது, அரசு நிவாரணம் பெறும் குடும்பங்கள் எத்தனை, மக்கள்தொகை கூடுகிறதா குறைகிறதா. ‘நீக்ரோ’ என்பது அன்றைய படிவத்தின் சொல்.

வீட்டுக் கடனின் பாதுகாப்பை அளக்கும் தாளில் வருமானத்தையும் நிவாரணத்தையும் கேட்டதற்குக் காரணம் சொல்லிவிடலாம். தவணை கட்டுவாரா என்று கடன் கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார். பிறந்த நாட்டையும் தோலின் நிறத்தையும் கேட்டதற்கு அன்றைய மதிப்பீட்டுத் தொழிலின் நம்பிக்கைதான் காரணம். சிகாகோவின் நிலமதிப்பை ஆராய்ந்த பொருளியலாளர் ஹோமர் ஹாய்ட், நிலமதிப்பின்மீது ஏற்படுத்தும் விளைவை வைத்து இனங்களையும் நாட்டவரையும் வரிசைப்படுத்திய ஒரு பட்டியலை 1933இல் வெளியிட்டார். ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்தினர், ஐரிஷ்காரர், ஸ்காண்டிநேவியர் முதலில். பிறகு வட இத்தாலியர், செக்குகள், போலந்தினர், லித்துவேனியர், கிரேக்கர், கீழ்த்தட்டு ரஷ்ய யூதர், தென் இத்தாலியர். கடைசி இரு இடங்களில் நீக்ரோக்களும் மெக்சிகர்களும். ஒரே நாட்டின் வடக்கத்தியருக்கும் தெற்கத்தியருக்கும் இடையே ஆறு படி இடைவெளி வைத்திருக்கும் நுணுக்கத்தைப் பாருங்கள். ஜாதிப் படிநிலையை அறிந்த நமக்கு இந்தப் பட்டியலின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. ஹாய்ட் பின்னர், வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு தந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தில் பணியாற்றினார்.

அடுத்து ‘ஊடுருவல்’ என்ற கட்டம். என் கணிப்பில், முழுத் தாளிலும் அதிக எடை கொண்ட ஒரு வரி இதுதான். மற்றக் கட்டங்கள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்கின்றன. இது யார் வரப்போகிறார்கள் என்று கேட்கிறது. பழுதில்லாத வீடுகள் நிறைந்த, தவணை தவறாத தச்சர்களும் இயந்திர வினைஞர்களும் குடியிருந்த ஒரு தெருவை மஞ்சளாக்க, பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு கூட்டம் நகர்ந்து வருகிறது என்ற பேச்சே போதுமானதாக இருந்தது. இந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ‘அடுத்த 10-15 ஆண்டுகளில் விரும்பத்தக்க தன்மையின் போக்கு’ என்ற கட்டத்தையும் சேர்த்து வாசியுங்கள். முன்னதில் ஒரு பெயர் இருந்தால், பின்னதில் பெரும்பாலும் ‘கீழ்நோக்கி’ என்று இருக்கும்.

ஐந்தாம் படி: சாதகம், பாதகம் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள்

தொழிற்சாலைக்கு நடந்து போகும் தூரம், டிராம் வசதி, பள்ளிக்கூடம் ஆகியவை தொழிலாளர் பகுதிகளில் சாதகமான அம்சங்களாக எழுதப்படும். புகை, நாற்றம், ரயில் தண்டவாளம், சரக்கு வண்டிகளின் நெரிசல் ஆகியவை பாதகம். இரண்டும் பல நேரம் ஒரே ஆலையைக் குறிப்பவையே. கார் இல்லாத கூலித் தொழிலாளி வேலைக்கு அருகில் குடியிருந்தே ஆக வேண்டும். அந்த அருகாமையே அவருடைய வீட்டின் மதிப்பைக் குறைத்தது. ஆலையின் புகை உண்மையான கேடுதான் என்பதை மறுப்பதற்கில்லை. பாதகங்களின் பட்டியலில் புகையும் குப்பைமேடும் ‘கலப்பு மக்களும்’ ஒரே மூச்சில், ஒரே காற்புள்ளி வரிசையில் வருவதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஆறாம் படி: விலைக் கணக்கை நீங்களே போடுங்கள்

விலை வரலாற்றுப் பகுதியில் 1929, மிகக் குறைந்த ஆண்டு, ஆய்வு நடந்த ஆண்டு ஆகிய மூன்றுக்கும் விலையும் வாடகையும் தரப்பட்டிருக்கும். 1929ஐ 100 என்று வைத்துப் பிந்தைய இரண்டும் சதவீதமாக எழுதப்பட்டிருக்கும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: 1929இல் 4,000 டாலராக இருந்த வீடு 1933இல் 2,400க்கு விழுந்து, 1937இல் 2,800க்கு ஏறியிருந்தால், அது 60 சதவீதத்துக்கு இறங்கி 70 சதவீதத்துக்கு மீண்டிருக்கிறது. இந்த 70ஐத் தனியாகப் பார்த்தால் வீழ்ச்சியாகத் தெரியும். அதே நகரத்தின் நீலப் பகுதி ஒன்றின் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் ஏறக்குறைய அதே எண் இருந்தால், விலை விழுந்ததற்குக் காரணம் தெருவல்ல, நாடு முழுவதும் விழுந்ததே என்பது விளங்கும்.

சொந்த வீட்டுக்காரர் சதவீதத்தையும் தவறவிடாதீர்கள். சிவப்புப் பகுதியின் விளக்கத்தில் சொந்த வீட்டுக்காரர் குறைவு என்பதும் ஒரு அடையாளம். ஆனால் சிகாகோ, டெட்ராய்ட் போன்ற ஆலை நகரங்களில் போலந்திலிருந்து வந்த தொழிலாளர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சொந்தமாக ஒரு வீடு வாங்குவதில் முனைப்பு மிக்கவர்கள். சொந்த வீட்டுக்காரர் அதிகமாகவும் தரம் தாழ்வாகவும் உள்ள படிவம் உங்கள் கையில் கிடைத்தால், அதைத் தனியே எடுத்து வையுங்கள். விதிக்கும் தீர்ப்புக்கும் இடையில் வேறு எது புகுந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

ஏழாம் படி: ‘விளக்கக் குறிப்புகள்’ கட்டத்தை வரிவரியாக வாசியுங்கள்

கட்டங்களுக்குள் அடங்காததை எல்லாம் மதிப்பீட்டாளர் தம் சொந்த வாக்கியங்களில் எழுதிய இடம் இது. பாயில் ஹைட்ஸ் டி-53இன் குறிப்பில், இது ஒரு ‘உருக்கும் கொப்பரை’ (பல இனத்தவரும் கலந்துபோகும் இடம்) வட்டாரம் என்றும், பல்வகைப்பட்ட, நாசவேலைத் தன்மையுள்ள இனக்கூறுகள் தேன்கூட்டின் அறைகள்போல் இதை நிறைத்திருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார்கள். கேடு விளைவிக்கும் இனக்கூறு இல்லாத ஒரு தெருக்கட்டமாவது இங்கே இருக்குமா என்பதே பெரும் ஐயம் என்றும் அது தொடர்கிறது. யூதர்களும் மெக்சிகர்களும் ஜப்பானியர்களும் ரஷ்யர்களும் ஆர்மீனியர்களும் அண்டை வீட்டாராக வாழ்ந்த, கைத்தொழிலாளரும் சிறு கடைக்காரர்களும் நிறைந்த வட்டாரம் அது. ‘நாசவேலை’ என்ற சொல்லுக்கும் செங்கல், மரம், கூரை ஆகியவற்றுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

லிங்கன் டெரஸ் இதைவிடத் துலக்கமான சான்று. நடுத்தர வர்க்க வெள்ளையருக்காகத் திட்டமிடப்பட்ட குடியிருப்பு அது; அந்த முயற்சி தோற்று, விரைவிலேயே கறுப்பின மக்கள் வாழும் இடமாயிற்று. வீடுகள் ஓரளவு புதியவை, நல்ல தரத்தில் கட்டப்பட்டவை. இருந்தும் கடைசித் தரம். ‘இப்போது வட்டாரத்தைக் கையில் வைத்திருக்கும் நிறத்தவர்’ காரணமாக மதிப்பு பெருமளவு சரிந்து, இன்று இவ்வீடுகளுக்குச் சிறிதளவே மதிப்புண்டு அல்லது மதிப்பே இல்லை என்று காரணமும் எழுதினார்கள். இதே செயின்ட் லூயிஸ் வட்டாரத்தின் பசுமையான லாடூவுக்கு 1940இல் எழுதிய குறிப்பில், முதலாளிகளும் பிற செல்வக் குடும்பங்களும் வாழும் அவ்விடத்தில் ஒரு வெளிநாட்டவரோ நீக்ரோவோகூட இல்லை என்பது சிறப்பாகச் சொல்லப்பட்டது. இந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால், கட்டடத்தின் வயதும் பராமரிப்பும் தரத்தைத் தீர்மானித்தன என்ற வாதத்துக்கு அதிக இடமில்லை.

படிவத்தின் அடியில், தகவல் யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற வரி இருந்தால் அதையும் பாருங்கள். பெரும்பாலும் உள்ளூர் ரியல் எஸ்டேட் தரகர்களும் கடன் நிறுவனத்தாரும்தான். குடியிருந்தவர்களிடம் கேட்டு நிரப்பிய தாள் அல்ல இது. அவர்களுக்கு வீடு விற்றவர்களும் விற்க மறுத்தவர்களும் சொன்னதைத் தொகுத்த தாள்.

எட்டாம் படி: வரைபடத்தின்மீது எல்லாப் பழியையும் போடாதீர்கள்

சிவப்பு வரைபடம்தான் அமெரிக்க நகரங்களைச் சீரழித்தது என்ற கதை 1980களில் வரலாற்றாசிரியர் கென்னத் ஜாக்சன் இந்த ஆவணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகு பரவலாயிற்று. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைத் திருத்தியிருக்கிறார்கள். பிலடெல்பியாவை ஆராய்ந்த ஏமி ஹில்லியர், கழகம் தானே சிவப்புப் பகுதிகளில் கடன் கொடுத்திருந்ததையும், வரைபடங்கள் தனியார் கடன் நிறுவனங்களின் கைக்குப் பரவலாகப் போகவில்லை என்பதையும் காட்டினார். கறுப்பின வீட்டு உரிமையாளர்களில் ஏறக்குறைய எல்லோரும் சிவப்புப் பகுதிக்குள் விழுந்தார்கள். ஆனால் சிவப்புப் பகுதிகளின் வீட்டு உரிமையாளர்களை மொத்தமாக எண்ணினால் பெரும்பான்மையினர் வெள்ளையர், அதிலும் பெரும்பகுதி தொழிலாளர். இரண்டு வாக்கியங்களும் ஒருசேர உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் கட்டுரைகள் ஏராளம்.

அப்படியானால் கதவை அடைத்தது யார்? 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் பக்கம் பாருங்கள். அது கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு கொடுத்தது. அந்தக் காப்பீடு கிடைத்த வீட்டுக்கு அதன் மதிப்பில் 80 சதவீதம் வரை, 20 ஆண்டுத் தவணையில் கடன் கிடைத்தது. கிடைக்காத வீடு பழைய குறுகிய காலக் கடனையே நம்ப வேண்டியதாயிற்று. அதன் மதிப்பீட்டுக் கையேடு இருப்பிடத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் பொருளாதார நிலைத்தன்மைக்கு 40, பாதகமான தாக்கங்களிலிருந்து பாதுகாப்புக்கு 20 என்று ஒதுக்கியிருந்தது. போக்குவரத்துக்கு 10 மட்டுமே. ஒரு வட்டாரம் நிலைத்தன்மையோடு இருக்க வேண்டுமானால், அங்குள்ள சொத்துகளில் தொடர்ந்து அதே சமூக, இன வகுப்பினரே குடியிருக்க வேண்டும் என்று 1938ஆம் ஆண்டுப் பதிப்பு எழுத்திலேயே சொன்னது. டெட்ராய்டின் எட்டாம் மைல் சாலை அருகே, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்த ஒருவருக்கு நிர்வாகம் முதலில் காப்பீடு மறுத்தது. 1941இல் அவர் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே 6 அடி உயரத்தில், சுமார் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பிய பின் ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

ஆகவே கழகத்தின் படிவத்தைக் காரணமாக அல்ல, சாட்சியாக வாசியுங்கள். அன்றைய மதிப்பீட்டாளர், தரகர், வங்கியாளர், அரசு அதிகாரி எல்லோருமே பொதுவாக ஏற்றுக்கொண்டிருந்த ஓர் அளவுகோலை வேறெந்த ஆவணத்தையும்விட வெளிப்படையாக அது பதிவு செய்திருக்கிறது.

ஒன்பதாம் படி: பின்வந்த ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இன அடிப்படையிலான பத்திரக் கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல் வந்தது. கடன் நிறுவனங்கள் எந்தப் பகுதியில் எவ்வளவு கடன் கொடுத்தன என்று வெளியிட வைக்கும் சட்டம் 1975இலும், வட்டாரத் தேவைக்குக் கடன் தர வங்கிகளைப் பொறுப்பாக்கும் சட்டம் 1977இலும் வந்தன. உங்கள் பகுதியின் கதையில் இந்த ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, நெடுஞ்சாலை எதுவும் குறுக்கே வந்ததா என்று பாருங்கள். பாயில் ஹைட்ஸுக்கு வந்தது, ஒன்றல்ல, பல.

பத்தாம் படி: 1940 கணக்கெடுப்போடு ஒப்பிடுங்கள்

தனிநபர் விவரங்களை 72 ஆண்டுகள் மூடி வைக்கும் விதிப்படி, 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மூலத் தாள்கள் 2012இல் திறக்கப்பட்டன. அவையும் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் படிவத்தின் பகுதியிலிருந்து ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து அதன் தாளைத் தேடுங்கள். வீடு சொந்தமா வாடகையா, சொந்தமென்றால் மதிப்பு எவ்வளவு, வாடகையென்றால் மாதம் எத்தனை டாலர், குடும்பத்தில் யார் யார், எங்கே பிறந்தார்கள், என்ன வேலை, கடந்த ஆண்டு எத்தனை வாரம் வேலை கிடைத்தது, எவ்வளவு கூலி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கையெழுத்தில் நிரப்பியிருப்பார்கள். மதிப்பீட்டாளர் ‘ஊடுருவல்’ என்று ஒரு சொல்லில் முடித்த இடத்தில், பெயரும் வயதும் தொழிலும் கொண்ட குடும்பங்கள் ஒரு வரிக்கு ஓர் ஆளாக வரிசையாக நிற்கும். வீட்டு மதிப்புக் கட்டத்தில் உள்ள எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதப்பட்ட விலையின் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குடியிருந்தவர் தம் வீட்டுக்குச் சொன்ன விலை ஒரு பக்கம், தரகர் சொன்ன விலை மறுபக்கம்.